ஈஸ்டர் விருந்து

"நாளைக்கு ஈஸ்டரு. ஆட்டுக்கறிக்குச் சொல்லிட்டேங்க" என்றாள் ஜெபமாலை.

அவள் கணவர் தைரியநாதன் அவசரமாகத் தடுத்தார். "கறியெல்லாம் எதுக்கு? தபசு காலம் நாப்பது நாளும் கஞ்சித்தண்ணி குடிச்சே பழகிட்டேன்."

"இப்படி ஒருசந்தி விரதம் இருந்தவங்க நம்ம ஆவூர்லயே இல்லையின்னு சாமியாரே சொல்றாரு. நாளைக்கும் எலையில ஒக்காரலேன்னா சொந்தபந்தம் என்ன நெனைக்கும்?"

அவர் பயந்ததும் அதற்குத்தான். தபசு காலம் இருந்தவரை ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். ஜெபமாலை அவரை மட்டும் அடுப்படிக்குக் கூப்பிட்டு ஒரு கிண்ணத்தை நீட்டினாள். சோற்றையும் கறியையும் குழைய வேகவைத்து, துணியில் வடிகட்டிய சாறு.

"இது தொண்டையில எறங்கும், குடிங்க."

அவர் கை நடுங்கியது.

"கஞ்சியையே கண்ணுல தண்ணி வர முழுங்குறீங்க. அது பக்தியில்லன்னு எனக்குத் தெரியாதா? தபசுக்கு முந்தி திருச்சிக்கு டாக்டரைப் பாக்கத்தானே போனீங்க? என்ன சொன்னாரு?"

"தொண்டையில புத்துநோயாம், ஜெபமாலை."

அவள் அழவில்லை. "மொதல்ல குடிங்க. இன்னைக்குத் திருநாளு" என்றாள்.

சாறு சிந்திவிடாமல் இருக்க அவளும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். இப்போது நான்கு கைகளும் நடுங்கின.