பிடியரிசி

டப்பாவை அப்படியே உலையில் கவிழ்த்தாள்.

களையக்கூட இல்லை. அடியில் ஒட்டியிருந்த அரிசியும் விழும்வரை டப்பாவின் முதுகில் தட்டினாள்.

மூட்டையில் அரிசி இல்லாமல் இல்லை. நேற்றுப் பிரித்த மூட்டை அடுப்படி மூலையில்தான் இருக்கிறது. ஆனால் இது பிடியரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அள்ளி, ஜெபித்து, கோயிலுக்கென்று எடுத்து வைப்பது. மாதத்தின் முதல் ஞாயிறு ஊர்ப் பெண்கள் எல்லாரும் கொண்டுபோய்ப் பீடத்தின் முன்னால் கொட்டுவார்கள்.

பட்டினி கிடந்தாலும் அதில் ஒருத்தியும் கை வைக்க மாட்டாள்.

இவள் வைத்துவிட்டாள். தனி ஒருத்திக்கு அவ்வளவு சோறு எதற்கு? எல்லாம் வீம்புக்குத்தான்.

எத்தனை வருஷம்! ஒவ்வொரு பிடிக்கும் ஒரே ஜெபம். மகள் எப்சிபா வீடு திரும்ப வேண்டும்.

விரட்டியதும் இவள்தான். பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற மகளிடம், இனி இந்தப் படி மிதிக்காதே என்றாள். வாய் ஒரு நாளில் சொல்லி முடித்துவிட்டது. அள்ளிய கைதான் அதன்பிறகு ஓயவில்லை.

காய்ச்சலில் கிடந்தபோதும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அள்ளினாள். விறகெல்லாம் நனைந்து அடுப்பே எரியாத புயல் நாளில், பொங்காத சோற்றுக்கும் ஒரு பிடி எடுத்து வைத்தாள். ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்றாள்.

இன்று காலை பக்கத்து வீட்டு மகள் பண்டிகைக்கு வந்து இறங்கினாள். புருஷனும் பிள்ளைகளுமாக, பெட்டியும் பையுமாக. தெருவே கலகலத்தது.

அதைப் பார்த்ததும் வயிறு எரிந்துவிட்டது.

"ஆண்டவரே, உமக்கு என் வீட்டுக்கு மட்டும் வழி தெரியலையோ?"

கேட்டுவிட்டுத்தான் டப்பாவை எடுத்தாள்.

சோறு வெந்தது. வடித்தாள். தட்டில் போட்டு ஒரு வாய் வைத்தாள். தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது.

"எம்மா."

எப்சி. இளைத்துப்போய், ஒற்றைப் பையோடு, படியை மிதிக்காமல் கீழேயே நின்றாள்.

இவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இரண்டு பேருக்கும் அழுகைதான் வந்தது. அழுது ஓய்ந்ததும் ஒரு தாய்க்கு வேறென்ன தெரியும்? தட்டில் சோற்றை அள்ளி வைத்து மோரை ஊற்றினாள்.

எப்சி உட்கார்ந்து அள்ளி அள்ளித் தின்றாள்.

பார்க்கப் பார்க்க இவளுக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த நெஞ்சிலேயே முள்ளும் குத்தியது. அடப்பாவி மனுஷி! இவ்வளவு காலம் பொறுத்தவளுக்கு, இந்த ஒரு பொழுது பொறுக்க முடியாமல் போயிற்றே!

எப்சி இடது கையால் பைக்குள் துழாவி ஒரு துணி முடிச்சை எடுத்தாள்.

"நானும் ஒல வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வச்சிருவேம்மா. எங்கம்மையும் இந்நேரம் எனக்காவ ஒரு பிடி அள்ளுவான்னு நெனச்சிக்கிடுவேன். அந்த நெனப்புலதான் நாள ஓட்டுனேன். இத ஒன் டப்பாவுல போட்டுரும்மா."

டப்பா அடுப்பங்கரையில் வாய் திறந்து கிடந்தது.

எப்சி எட்டிப் பார்த்தாள்.

"காலியாவா இருக்கு?"

பண்டிகைக்கென்று இந்தத் தடவை முன்னாலேயே கோயிலில் கொட்டிவிட்டேன் என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது.

"அதத்தாம்ட்டி நீ தின்னுக்கிட்டிருக்க."

எப்சியின் கை தட்டிலேயே நின்றது. தட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

பிறகு முடிச்சை அவிழ்த்து டப்பாவில் கொட்டினாள். வெறும் தகரத்தில் அரிசி விழுந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

இவள் தலையை நிமிர்த்தவில்லை. கை மட்டும் பழக்கத்தில் மூட்டைப் பக்கம் போயிற்று. ஒரு பிடி அள்ளி டப்பாவுக்கு மேலே கொண்டுவந்தாள்.

ஜெபம்தான் வாயில் வரவில்லை.