விலை இறங்கட்டும்

"எந்த மடையன் இந்த விலைக்கு வாங்கினான்? கண்ணு தெரியலையா அவனுக்கு?"

போனைச் சோபாவில் வீசினார் இண்டெக்ஸ். அவர் வேலை பார்க்கும் தணிக்கை அலுவலகத்தில் வைத்த பெயர் அது. வீட்டு விலைக் குறியீடு, நுகர்வோர் செலவுக் குறியீடு என்று எதையாவது இழுக்காமல் அவரால் ஒரு டீ குடிக்க முடியாது.

அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டை வீட்டுக்காரர் விற்றுவிட்டார். முதலில் இவரிடம்தான் கேட்டார். "விலை இறங்கட்டும், பார்க்கலாம்" என்று இவர் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது பத்திரப் பதிவே முடிந்துவிட்டதாம். வாங்கியவர் சாயங்காலம் பேச வருவாராம். யார் என்று கேட்டால், நேரிலேயே பாருங்கள் என்று போனை வைத்துவிட்டார் அந்த வீட்டுக்கார மனுஷன்.

மகளுக்குத் தேர்வு நெருங்கும் நேரம். பள்ளிக்கூடம் அடுத்த தெரு. இப்போது போய்ச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு எங்கே அலைவது? நினைக்க நினைக்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலி பண்ணச் சொல்லிட்டா என்ன செய்வீங்க?" என்றாள் மனைவி. ஒரு பெரிய கடையில் கொள்முதல் அதிகாரி. அப்போதுதான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடுவானா? வரட்டும், உட்கார வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கறேன்."

மடிக்கணினியில் வரைபடங்களை விரித்தார். ஜனங்கள் செலவைக் குறைத்துவிட்டார்கள்; செலவு குறைந்தால் வியாபாரம் படுக்கும், வேலை போகும், வீடு வாங்க ஆள் இருக்காது, விலை தொப்பென்று விழும். விழப்போகிற வீட்டை வாங்கியவனுக்கு வாடகையை ஏற்ற என்ன யோக்கியதை என்று கேட்கப் போவதாகச் சொன்னார்.

"கல்யாணமான புதுசுலயும் விழும்னுதான் சொன்னீங்க."

"அப்ப காரணம் வேற."

காரணம் வேறுதான். அப்போது வட்டி விகிதம். மகள் பிறந்தபோது சிமெண்ட் விலை. மனைவிக்கு அவள் அப்பாவின் சொத்தில் பங்கு வந்தபோது ஏதோ ஒரு நாட்டின் வங்கி திவால். பணம் பேங்கிலேயே கிடக்கட்டும் என்றார். ஒவ்வொரு தடவையும் அவர் கையில் ஒரு வரைபடம் இருந்தது. விலை மட்டும் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டே போயிற்று. இவர்களும் வீடு மாற்றி வீடு மாற்றி, பீரோவின் ஒரு கால் உடைந்ததுதான் மிச்சம்.

"நீயாவது வீட்டுக்காரர்கிட்ட எடுத்துச் சொல்லியிருக்கலாமே. கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கன்னு" என்று கோபத்தை அவள் மேல் திருப்பினார்.

"பேசினேன். விக்கறதுல உறுதியா இருந்தார்."

"பேசின லட்சணம்" என்று முணுமுணுத்தார். எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வருபவனுக்கு நன்றாகத் தெரியும்படி கணினியைத் திருப்பி வைத்தார். வாசலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே இருட்டிவிட்டது.

"வரேன்னு சொல்லிட்டு எங்க போய்த் தொலைஞ்சான்?" என்று கத்தினார்.

மனைவி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எந்திரி. அது அவன் உட்கார வேண்டிய இடம்."

அவள் எழுந்திருக்கவில்லை. கணினியை மட்டும் படக்கென்று மூடினாள்.

"அப்பா குடுத்த பங்கு, மிச்சத்துக்கு என் பேர்ல லோன். வாங்கினது நான்தான். காலி பண்ணச் சொல்ல மாட்டேன், பழைய வாடகைதான். ஆனா மாசாமாசம் அஞ்சாம் தேதிக்குள்ள என் கையில குடுத்துடணும்."