ஊசியாகக் குத்தும் மூன்றாவது ஆல்பம்

"முதல் ஆல்பத்துல கிட்டார் பஞ்சு மாதிரி இருக்கு. ரெண்டாவதுல கொஞ்சம் கூர்மை. மூணாவதுல ஊசியா குத்துது. சத்தத்தைக் கூட்டிக் குறைச்சு மிக்சிங் பண்ணது யாரு?" என்று கேட்டார் எதிரில் இருந்த பெண்மணி.

கிட்டாரிஸ்ட் நிமிர்ந்து உட்கார்ந்தான். எத்தனையோ பேட்டி கொடுத்தவன்தான். இவ்வளவு நுணுக்கமாக ஒருத்தரும் கேட்டதில்லை.

"மூணும் நான்தான், மேடம். அடுத்த மாசம் நாலாவதும் நான்தான். எங்க ராக் பேண்டோட வளர்ச்சியே அந்தக் கூர்மைதான்னு எழுதாத பத்திரிகை இல்ல."

"எனக்கு மூணாவதைக் கேட்டாலே பல்லு கூசுது," என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி. "சொன்னா, ரசனை இல்லன்னுடுவாரு."

"உங்களுக்குக் கூசலையா?"

"எனக்குக் கச்சிதமா இருக்கு."

"முதல் ஆல்பத்தை இப்போ கேட்டா?"

இவர் என்ன சொல்ல வருகிறார் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "கம்பளியைப் போட்டு மூடின மாதிரி இருக்கு. அப்போ எங்களுக்கு விவரம் பத்தாது."

பெண்மணி தலையாட்டிவிட்டு, அவன் காதுகளைச் சோதித்து எடுத்த தாளை அவன் பக்கம் திருப்பினார். அதில் ஒரு கோடு மேலிருந்து சரசரவென்று இறங்கியிருந்தது.

"கீச்சுன்னு வர்ற மெல்லிசான ஒலியெல்லாம் உங்க காதுல வரவரக் குறைஞ்சிருக்கு. கேக்காததைக் கேக்க வைக்க, ஒவ்வொரு ஆல்பத்துலயும் கூட்டிக்கிட்டே போயிருக்கீங்க."

"அப்போ அந்த வளர்ச்சி, டாக்டர்?" என்று கேட்டான் அவன்.

"வளராம என்ன?" என்றாள் மனைவி. "வீட்டுல டீவி சத்தமும் கூடவே வளர்ந்துச்சே!"