செவ்வாய்க்கிழமை ஜோடி

இன்றைக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மிசாவோவுக்கு ஜோடியாக வந்து வாய்த்தது நொரியாசுதான்.

தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டே நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

ஜப்பானின் ஹமாமட்சு நகர மண்டபத்து மாடியில் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் இந்த ஆங்கில வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது, இவர்கள் இருவரும் புருஷன் பெண்டாட்டி என்று.

சேரும்போதே அவள் தன் பிறந்த வீட்டுப் பெயரைக் கொடுத்திருந்தாள். வாரத்தில் ஒரு காலைப்பொழுதாவது புகுந்த இடமான கமியா வீட்டு மருமகளாக இல்லாமல் இருக்கலாமே என்ற ஆசை. மார்ச்சில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நொரியாசு, ஏப்ரலில் இங்கேயும் வந்து நின்றார்.

பெண்டாட்டி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு அலையும் கிழவர்களை இந்த ஊர்ப் பெண்கள் 'ஈரச் சருகு' என்பார்கள். பெருக்கினாலும் போகாதாம். அந்தப் பட்டம் வந்துவிடக் கூடாதென்று, முதல் நாளே அவர் அவள் முன்னால் இடுப்பு வளையக் குனிந்து, "முதல் தடவையா சந்திக்கிறோம். தயவு வையுங்க" என்றார். முன்னாள் பிரிவுத் தலைவர் அல்லவா, கொஞ்சமும் கூச்சமில்லை.

அவளும் குனிந்து வைத்தாள். அன்றிலிருந்து இந்தக் கூத்து நடக்கிறது.

ஆசிரியை ரொவெனா பிலிப்பைன்ஸ்காரி. 'ஹேவ் பீன்' என்று பலகையில் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டாள். எப்போதோ தொடங்கி, இன்னும் நிற்காமல் நடக்கிற காரியத்துக்கு இது. "நீங்கள் எல்லோரும் 'செய்கிறேன்' என்று மொட்டையாகச் சொல்லி நிறுத்திவிடுகிறீர்கள். எப்போதிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜோடி ஜோடியாக ஆரம்பியுங்கள்!"

நொரியாசு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ இப்போதெல்லாம் என்ன செய்துகொண்டிருக்கிறாய்?"

ஆங்கிலத்தில் ஒரு சௌகரியம். அதில் புருஷனுக்கும் பூனைக்கும் ஒரே 'நீ'தான். மிசாவோ அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"மே மாதத்திலிருந்து நான் வீடு தேடிக்கொண்டிருக்கிறேன்."

அது பாடத்துக்காகச் சொன்ன பொய் இல்லை. ஜப்பானிய மொழியில் வாய்க்குள்ளேயே செத்துப்போன வாக்கியம், இங்கே வீட்டுப்பாடம் போல வெளியே வந்துவிட்டது.

அந்தப் பக்கம் வந்த ரொவெனா நின்றாள். "அருமை! யாருக்கு வீடு?"

"எனக்கு மட்டும். ஒரே அறை போதும்."

ரொவெனா கைதட்டினாள். பக்கத்து மேசைக்காரர்களும் தட்டினார்கள்.

"ஏய், 'ஹவுஸ்'ங்கிற சொல்லுக்கு முன்னால 'எ' போடலையே" என்று நொரியாசு தாழ்ந்த குரலில் ஜப்பானிய மொழியில் கடிந்துகொண்டார். "இத்தனை நாள் படிச்சுக் கிழிச்சது இதுதானா?"

அவ்வளவுதான். பெண்டாட்டி விட்டுப் போகிறேன் என்கிறாள், இந்த மனுஷனுக்கு 'எ' முக்கியம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போகத்தான் முடியவில்லை. ஏறி இறங்கிய தரகர் கடைகளில் எல்லாம் சிரித்துக்கொண்டே, வீடு அமைந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. அறுபதைத் தாண்டிய பெண், தனியாள், எவன் வீடு கொடுப்பான் என்று குளியல் தொட்டியில் உட்கார்ந்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள்.

"நீ?" என்றாள். "நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?"

நொரியாசு அவசரப்படவில்லை. சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"மே மாதத்திலிருந்து நான் எங்கள் வீட்டுத் தொலைபேசியை எடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். தரகர்கள் கூப்பிடுகிறார்கள். வீடு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

மிசாவோ கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள்.

கல்யாணமான நாள் முதல் பகலில் அந்த வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான். யார் எண் கேட்டாலும் கை தானாக வீட்டு எண்ணைத்தான் எழுதும். தரகர்களிடமும் அதையேதான் எழுதிக் கொடுத்தாள். புருஷன் ஓய்வு பெற்று வீட்டோடு இருப்பது கைக்குத் தெரியவில்லை. அவள் காய்கறி வாங்கப் போன நேரமெல்லாம் அங்கே மணி அடித்திருக்கிறது.

"போன வாரம்கூட ஒண்ணு வந்துச்சு" என்றார் ஜப்பானிய மொழியில், உதடு அசையாமல். "தெற்குப் பார்த்த பால்கனியாம், குளிருக்கு நல்லா வெயில் வருமாம்."

ரொவெனாவுக்கு அது காதில் விழவில்லை. அவளுக்கு ஒரே மகிழ்ச்சி. "இந்த ஜோடி பிரமாதம்! எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்கள்."

நொரியாசு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். மிசாவோவும் எழுந்தாள். வகுப்பே அவர்களைப் பார்த்துத் திரும்பியது. அவர் கேள்வியை மறுபடி கணீரென்று கேட்டார்.

மிசாவோ அவரைப் பார்க்கவில்லை. வகுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"முப்பத்தாறு வருடங்களாக நான் இந்த ஆளின் மனைவியாக வாழ்ந்துகொண்டிருக்கிறேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து, நொரியாசுவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மிகச் சரி" என்றாள் ரொவெனா. சொன்ன பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.