கீட்டோன் வாசம்

“மூச்சுலயே பழ வாசம் அடிக்குது. கீட்டோன் வேலை செய்யுது,” என்றான் நவநீதன். தங்கை ஜீவா ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொன்று மொண்டாள்.

கிளென்மார்கன் எஸ்டேட்டிலிருந்து மாரத்தானுக்குப் போகும் முதல் பெண் அவள். ஓட்டக்களைப்பு சீக்கிரம் தீருமென்று கீட்டோன் என்ற எரிசக்திப் பொருள் கலந்த பானத்தைக் கோவையில் தேடி வாங்கி வந்தவன் அண்ணன்தான். ஒரே மாதத்தில் ஜீவா வெகுவாக மெலிந்தாள்.

“கால் ஓயுதுண்ணா. இன்னைக்கு உட்ரலாமா?”

“மெலிஞ்சாத்தான் ஓட்டம் வரும். எந்திரி கண்ணு.”

பைக்காரா ஏற்றத்தில் அவள் சரிந்து விழுந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

“ரத்தத்துல கீட்டோன் எக்கச்சக்கமா இருந்துச்சு,” என்றார் டாக்டர்.

“நான் வாங்கிக் குடுத்ததுங்க. அதுதான் கொன்னுருச்சுங்களா?”

“பானத்தால இவ்வளவு ஏறாதுங்க. உங்க தங்கச்சிக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாம ஒடம்பே கொழுப்பைக் கரைச்சு உண்டாக்குன கீட்டோன் இது. அந்தத் தாகம், மெலிவு, பழ வாசம் எல்லாம் அதோட அறிகுறி. ஊட்டுல யாரும் கவனிக்கலீங்களா?”



“கவனிச்சனுங்க. தெனமும் பாத்துப் பாத்துச் சந்தோசப்பட்டனுங்க.”