அளவெடுத்த பாத்தி

எதிர் வீட்டு டெய்லரம்மாவோட மருமக, மாமியாரோட இன்ச் டேப்பை எடுத்துட்டு வந்து குப்பையை அளந்துக்கிட்டிருந்தா.

"என்னம்மா, குப்பைக்குச் சட்டை தைக்கப் போறியா?"ன்னு கேட்டேன்.

"காய்கறிப் பாத்தி போடுறேன் பெரியம்மா. உங்க ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி சும்மாதானே கிடக்கு, தருவீங்களா?"

அந்த ஃப்ரிட்ஜ் ஒரு தனிக் கதை. எங்க பெரியவன் வாங்கிக் குடுத்தது. கதவைத் திறந்தா சுவத்துல முட்டுது, நான் ஒருக்களிச்சு நின்னுதான் தண்ணி எடுக்கணும். அதை விடுங்க. பெட்டியைக் குடுத்தேன்.

அவங்க வீட்டு முன்பக்கம் கட்டட இடிசல் கொட்டிக் கெட்டிப்பட்ட தரை. கடப்பாறை போட்டா பொறி பறக்கும். அவ தோண்டவே இல்ல. உடைஞ்ச செங்கல்லை வட்டமா அடுக்கினா. உள்ள அட்டையை விரிச்சு நனைச்சா. அதுமேல காய்ஞ்ச இலை, காய்கறித் தோல், டீத்தூள் சக்கை, மறுபடி இலைன்னு அடுக்கடுக்காப் போட்டு, கடைசியா கொஞ்சம் மண்ணைப் பரப்பி நாத்து நட்டா. எல்லாம் மக்கி உரமாயிடுமாம். சல்லிக்காசு செலவில்ல.

உசரம்தான் ரெண்டுங்கெட்டான். முட்டிக்கு மேல, இடுப்புக்குக் கீழ. நின்னும் வேலை செய்ய முடியாது, குந்தியும் முடியாது. வட்டத்தையும் முழுசாக் கட்டல. கேக்குல ஒரு துண்டு வெட்டி எடுத்த மாதிரி, நடு வரைக்கும் ஒரு சந்து.

"செங்கல் பத்தலையா?"

"போதும் பெரியம்மா"ன்னு சிரிச்சா.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஏன்னா உள்ள டெய்லரம்மா படுத்த படுக்கை. வழுக்கி விழுந்து எட்டு மாசம். இனிமே நடக்க முடியாதுன்னுட்டாங்க. மகன் வாங்கிப் போட்ட சக்கர நாற்காலி துணி காயப்போடத்தான் ஆச்சு. "அதுல உக்காந்து தெருவுக்கு வேடிக்கை காட்டவா?"ன்னு தொடவே மாட்டாங்க.

ஒருதடவை எனக்குச் சட்டையை இறுக்கமாத் தைச்சுட்டு, "துணி சரியாத்தான் இருக்கு, நீதான் பெருத்துட்டே"ன்னாங்க. அப்படிப்பட்ட வாய். இப்போ சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கு.

மகன் லாரி ஓட்டுறவன், போனா வர பத்து நாள். மருமக மண்ணுல விளையாடுறா. கேக்க ஆளில்லாமலா போகும்? யாரோ டெய்லரம்மா மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாங்க.

மறுநாளே மக வாடகைக் காரோட வந்து இறங்கினா. நான் சும்மா எங்க வாசல்ல பீன்ஸ் நறுக்கிக்கிட்டிருந்தேன்.

"அம்மாவைப் படுக்கையில போட்டுட்டு நீ குப்பை கிளறுறியா?"

"இல்ல அண்ணி..."

"ஒண்ணும் பேசாத. அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுப் பக்கத்துல முதியோர் இல்லம் இருக்கு. நர்ஸ் பாத்துப்பாங்க."

மருமக முகம் செத்துப் போச்சு. இருந்தாலும் துணியெல்லாம் எடுத்துட்டு நாற்காலியைத் துடைச்சுக் குடுத்தா. டெய்லரம்மா வாயே திறக்கல. மகளும் டிரைவரும் தூக்கி உக்கார வச்சு, மூணு படி இறக்கினாங்க.

பாத்தியைத் தாண்டுறப்போ, "நிறுத்து"ன்னு ஒரு சத்தம்.

எட்டு மாசம் கழிச்சு அந்தக் குரல் அன்னைக்குத்தான் தெருவுக்குக் கேட்டுச்சு.

"யாருடி கத்தரி நட்டது? பல்லு வரிசை மாதிரி இவ்வளவு நெருக்கமாவா நடுவாங்க? அது மூச்சு விட வேண்டாமா?"

"எனக்குத் தெரியல அத்தை"ன்னா மருமக.

"தெரியலைன்னா கேக்கணும். தள்ளு வண்டியை."

தள்ளினா. அந்தச் சந்துக்குள்ள நாற்காலி எங்கயும் உரசாமப் போய் நின்னுச்சு. மண்ணு சரியா டெய்லரம்மா முழங்கை மட்டத்துக்கு இருந்துச்சு. இடது கை நீட்டினா தக்காளி, வலது கை நீட்டினா கத்தரி, எதிர்ல வெண்டை.

ஒரு நாத்தைப் பிடுங்கித் தள்ளி நட்டாங்க. இன்னொண்ணு. மூணாவதுல கை நின்னுடுச்சு. சந்தோட அகலத்தைப் பாத்தாங்க, செங்கல் உசரத்தைப் பாத்தாங்க.

"என் டேப்பை நீதான் எடுத்தியா?"

"ஆமா அத்தை. நாற்காலியை அளக்க."

"சந்து கொஞ்சம் தாராளமா இருக்கே?"

"ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இன்ச் கூட விட்டேன். நீங்க தையலுக்கு விடுவீங்களே, அந்த மாதிரி."

டெய்லரம்மா அந்த மூணாவது நாத்தையும் தள்ளி நட்டாங்க. அப்புறம் மக பக்கம் திரும்பினாங்க.

"கார்க்காரரை அனுப்பிடு. நீயும் செருப்பைக் கழட்டிட்டு வா, நாத்து எடுத்துக் குடுக்க ஆள் வேணும்."

இப்போ ரெண்டரை மாசம் ஆச்சு. பாத்தி அமுங்க அமுங்க, தெருவே தோலும் இலையும் கொண்டாந்து கொட்டுது. டெய்லரம்மா காலையில ஆறு மணிக்கே சந்துக்குள்ள ஆஜர். அங்க உக்காந்தே போறவங்க வர்றவங்க சட்டைத் தையலைக் குத்தம் சொல்றாங்க. தெருவுக்குக் களை வந்துடுச்சு.

நேத்து மருமக ஒரு கூடை கத்தரிக்காயோட வந்தா.

"முதல் பறிப்பு உங்களுக்குத்தான் பெரியம்மா."

"எனக்கெதுக்குடி? ஒரு அட்டைப்பெட்டிதானே குடுத்தேன்."

"அட்டைக்கு இல்ல"ன்னு குரலைத் தாழ்த்தினா. "எட்டு மாசம் நான் கெஞ்சியும் அத்தை அந்த நாற்காலியில ஏறல. நீங்க அண்ணிக்குப் போன் போட்டதாலதானே ஏறினாங்க."