நூற்றுப் பதின்மூன்றாவது பையன்

தலைமையாசிரியர் அறையில் அன்று ஆறு பேர் இருந்தார்கள். தலைமையாசிரியரான ஃபாதர், பிரியாவிடை மலருக்குப் பொறுப்பான தமிழாசிரியர், வேதியியல் ஆசிரியர், பி.டி. மாஸ்டர், ஓய்வுபெற்ற நீதிபதி, அவருடைய மருமகள். யாரைப் பற்றி இந்தக் கூட்டமோ அந்தப் பேரன், அந்த நேரத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

நீதிபதி நாற்காலியில் சாயவில்லை. சாய்ந்து உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர்களுக்குச் சலுகை காட்டியதாகிவிடும் என்று நாற்பது வருடமாக நிமிர்ந்தே உட்கார்ந்து பழகியவர்.

"நூத்திப் பன்னெண்டு பசங்க. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு போட்டோ, பத்து வரி. என் பேரன் மட்டும் இல்ல. ஏன்?"

மலர் இன்னும் அச்சேறவில்லை. ஆனால் அச்சகம் நீதிபதியின் மைத்துனருடையது. மாதிரிப் பக்கங்களை வரி விடாமல் படித்த அந்த மனிதர், சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த வீட்டில் எல்லார் காதிலும் விழும்படி கேட்டுவிட்டார்: "என்ன மச்சான், உங்க பேரன் படத்தக் காணோம்? காப்பி கீப்பி அடிச்சு மாட்டிக்கிட்டானா?" அன்று முதல் உறவு வட்டத்தில் அதுதான் பேச்சு.

"எங்க வீட்டு ஹால்ல மூணு ஃபிரேம் தொங்குது ஃபாதர். எங்கப்பா, நான், என் மகன். மூணு பேரும் இங்க படிச்சவங்க. மூணு பேரப் பத்தியும் இதே மலர்ல எழுதியிருக்கு. நாலாவதுக்கு ஆணி அடிச்சாச்சு."

ஃபாதர் இந்தப் பள்ளிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டே, "தவறுதலா விட்டுப்போயிருக்கும் ஐயா. ரெஜிஸ்டரக் கொண்டுவரச் சொல்றேன்," என்று மேசை மணியில் விரலை வைத்தார்.

"ரெஜிஸ்டரா?" நீதிபதியின் புருவம் ஏறியது. "எங்க குடும்பத்துப் பையன் இங்க படிக்கிறானான்னு ஏட்டப் புரட்டிப் பாத்துத்தான் சொல்லணுமா?"

ஃபாதரின் விரல் மணியிலிருந்து இறங்கியது.

"போயிடலாம் மாமா. விடுங்க," என்றாள் மருமகள். அவள் கணவனுக்கு வெளியூரில் வேலை; அவளும் மகனும் இங்கே தனி வீட்டில் இருந்தார்கள். மூத்த மகன் வீட்டோடு இருந்த நீதிபதி, இந்தப் பேரனைப் பார்ப்பதே விடுமுறைகளில்தான்.

"நீ சும்மா இரும்மா."

தமிழாசிரியருக்கு வியர்த்தது. நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பற்றியும் எழுதியவர் அவர். ஆனால் அவர் கைவசம் இருந்தவை ஏழு வாக்கியங்கள். அவற்றையே முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டு வருடா வருடம் ஒப்பேற்றி வந்தார்.

"உங்க பேரன மறப்போமா ஐயா? அமைதியான பையன். பெரியவங்ககிட்ட அவ்வளவு மரியாதை. நான் எழுதித்தான் குடுத்தேன். அச்சகத்துலதான் கோட்ட விட்டிருக்காங்க."

நீதிபதியின் முகம் முதல்முறையாகத் தெளிந்தது. "அப்படிச் சொல்லுங்க. என் மச்சான் லட்சணம் அதுதான்."

வழி திறந்ததைப் பார்த்து மற்ற இருவரும் உள்ளே நுழைந்தார்கள்.

"லேப்ல அவன் கை பட்டு ஒரு கண்ணாடிக் குழாய் உடைஞ்சதில்லங்க," என்றார் வேதியியல் ஆசிரியர்.

"கிரவுண்ட்ல ஒருத்தன்கிட்டயும் சண்டை சச்சரவு கிடையாது," என்றார் பி.டி. மாஸ்டர்.

நாற்பது வருடம் சாட்சிகளைக் குடைந்தெடுத்த மனிதர் இந்தச் சாட்சிகளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டது மருமகள்தான்.

"சார், கிளாஸ்ல அவன் எங்க உக்காருவான்?"

"முன் பெஞ்சுலதாம்மா," என்றார் தமிழாசிரியர்.

"ஜன்னலோரமா, நடுவுல," என்றார் வேதியியல் ஆசிரியர், அதே மூச்சில்.

பி.டி. மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "வளர்ந்த பையன்ல, கடைசி பெஞ்சுலதான் பாத்த ஞாபகம்."

"எங்க உக்கார வெச்சாலும் உக்காந்திருக்கான்," என்றார் நீதிபதி. "நானும் அப்படித்தான் இருந்தேன்."

பத்து நிமிடத்தில் பத்து வரி தயாரானது. 'அமைதியானவன்' என்பதை அடித்துவிட்டு 'கம்பீரமானவன்' என்று போடச் சொன்னார் நீதிபதி. "தலைமைப் பண்புன்னு ஒண்ணு சேத்துக்குங்க. எங்க வீட்டுல எல்லாருக்கும் போட்டிருக்கு." அதுவும் சேர்ந்தது.

ஃபாதர் கடைசி வரியை உரக்கப் படித்தார். "ஒரு நாளும் கைவிடாமல் தன் மடியில் வளர்த்த இப்பிள்ளையை, இப்பள்ளி பெருமையோடு உலகுக்கு அனுப்பி வைக்கிறது."

மூன்று ஆசிரியர்களும் தலையசைத்தார்கள். தமிழாசிரியருக்குத் தன் நடையை நினைத்துக் கண் கலங்கவே செய்தது.

"பெத்தவங்க ஒருத்தர் கையெழுத்து வேணும்," என்று ஃபாதர் தாளை மருமகள் பக்கம் திருப்பினார். "மத்தியானத்துக்குள்ள அச்சகத்துக்கு அனுப்பிடலாம்."

"போடும்மா," என்றார் நீதிபதி. "காப்பி அடிச்சான்னு சொன்ன வாயெல்லாம் இன்னையோட அடங்கட்டும்."

அவள் பேனாவை வாங்கினாள். பத்து வரியையும் ஒருமுறை படித்தாள். பிறகு பேனாவை மூடித் தாளின்மேல் வைத்துவிட்டு மாமனாரைப் பார்த்தாள்.

"காப்பி அடிச்சான்னு சொல்றது பொய் மாமா. அவன் இப்ப வேற ஸ்கூல்ல படிக்கிறான். இவன் தேறமாட்டான்னு பத்தாவதுலயே டி.சி. குடுத்து அனுப்பச் சொன்னது இந்த மூணு சாரும்தான்."